ஜமீனுக்கு ஒரு கேட்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நூல் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக மேசை டிராயரில் காலியாகக் கிடந்தது. சுகந்திக்குக் கால் வீக்கமோ தலைவலியோ வந்தால் தேதியோடு குறித்து வையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால் இன்று தூசு தட்டி எடுத்தேன். வீக்கம் இல்லை, தலைவலி இல்லை. ஆனால் நாய் மாடிப்படியில் விழுந்துவிட்டது.

சுகந்தி படி ஏறக் கூடாது, கூடிய வரை படுத்தே இருக்க வேண்டும் என்று உத்தரவாகி, வெள்ளிக்கிழமைதான் கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கினோம். வீட்டில் எல்லோருக்கும் இது புரிந்தது, ஜமீனைத் தவிர. பதின்மூன்று வயதுக் கிழவன். நாட்டு நாய்தான், ஆனால் படுத்திருக்கும் தோரணையைப் பார்த்துச் சுகந்தி வைத்த பெயர். எங்கள் மாடி அறை வாசலில் படுத்தே பழகியவன். அவள் மேலேதான் இருக்கிறாள் என்று ஏறிப் போவான், கதவை முகர்ந்துவிட்டு முனகிக்கொண்டே இறங்குவான். இன்று இறங்கும்போது பின்னங்கால் வழுக்கிக் கடைசிப் படி வரை உருண்டு வந்தான். எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் படியே ஏறக் கூடாது, மறித்து ஏதாவது வையுங்கள் என்றார் கால்நடை மருத்துவர்.

ஆக, ஒரே வாரத்தில் வீட்டில் இரண்டு பேருக்குப் படி ஏறத் தடை. ஒருத்தி சொன்னால் கேட்பாள். இன்னொருவனுக்குக் கேட் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கைபேசியில் தேடினேன். நாய்க்கான கேட் என்று தனியாக எதுவும் கண்ணில் படவில்லை. குழந்தைக்கும் செல்லப் பிராணிக்கும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். படத்துக்குப் படம் இரண்டு பல் முளைத்த ஒரு குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. சுகந்தியிடம் காட்டும்போது குழந்தையின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். அத்தை, சுகந்தியின் அம்மா. காங்கயத்துப் பக்கத்திலிருந்து மகளுக்குத் துணையாக வந்திருக்கிறார். போன முறை நாங்கள் அந்தச் சட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தொட்டில் வாங்கினோம். ஆறாம் மாதக் கடைசியில் எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு பேரும் இரண்டு பேராகவே திரும்பி வந்தோம். தொட்டில் பிரிக்காத பெட்டியோடு பரணில் இருக்கிறது. அத்தை அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இப்போது மறுபடியும் ஆறாம் மாதம். எனக்கு அந்தச் சட்டத்தில் நம்பிக்கை கிடையாது. அதை மீறத் தைரியமும் கிடையாது.

கேட் நாய்க்கு. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என்னோடு பின்னலாடை மெஷின் சர்வீசுக்கு வரும் நண்பர் ஒருவர் வீட்டில் வெள்ளைக் கம்பிக் கேட் ஒன்று சும்மா கிடந்தது. வாங்கி வந்து படிக்கட்டின் அடியில் இரண்டு பக்கமும் திருகி இறுக்கி வைத்தேன். நல்ல உறுதி. வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

"எடுத்துருங்க மாமா," என்றாள் சுகந்தி. "கண்ணத் தொறந்தா ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியே முன்னால நிக்குது."

அவள் படுத்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தேன். கதவு வழியாகத் தெரிவது படிக்கட்டு மட்டும்தான். பிரசவம் வரை அவள் பார்க்கப்போகும் காட்சி அது ஒன்றுதான். என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

வேறு யாராவது சொன்னால் வீம்பு என்று நினைத்திருப்பேன். சுகந்தியின் கண் வேறு மாதிரி. சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்ப்பது அவள் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் விரல் அகலத் துணித் துண்டைப் பார்த்து, அச்சாக அதே நிறத்தைச் சாயத்தில் கொண்டுவர வேண்டும். அங்கே ஓடுவதெல்லாம் பச்சைக் குழந்தைகளுக்கான துணி. ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் நிறம் பார்த்துக் கொடுத்தவள், தன் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுத்துவைக்க முடியாமல் படுத்திருக்கிறாள்.

இந்த வீடும் அவள் பார்த்துப் பார்த்துச் செய்தது. சுவருக்கு மோர் நிறம். படிக்கட்டுச் சுவருக்கு மட்டும் மழையில் நனைந்த செங்கல் நிறம். கைப்பிடி தேக்கு, அதன் கீழே கடைசல் பிடித்த மரக்கால்கள். பெயின்டரும் நானும் அலுத்துப்போன பிறகும் அவள் அலுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எது நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாமலே நன்றாக இருக்கிறது என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது.

வெள்ளைக் கேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று தள்ளுபடியானவை: சாம்பல் நிறப் பிளாஸ்டிக் (தண்ணீர்த் தொட்டி மூடி மாதிரி இருக்கிறதாம்), சுருட்டி இழுக்கும் வலை (கொசுவலைக்குள் வீடா, வீட்டுக்குள் கொசுவலையா), கறுப்பு இரும்பு (ரேஷன் கடை). மூன்றையும் அவள் சொன்ன விதத்தில் நானே சிரித்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். அடுக்களைக்குள் ஜமீன் எட்டிப் பார்த்துவிட்டான் என்று அத்தை வழக்கம்போல வாசற்படி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அவருக்கு நாய் என்றாலே ஆகாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

துரைராஜ் ஆசாரி வந்தார். எங்கள் படிக்கட்டைச் செய்தவர் அவர்தான். அதே தேக்கு, அதே கடைசல். திறந்தால் கைப்பிடியோடு ஒட்டிப் போய்விட வேண்டும், மூடினால் படிக்கட்டின் பாகமாகவே தெரிய வேண்டும். சுகந்தி படுத்தபடியே விரலால் காற்றில் வரைந்து காட்டினாள், அவர் அதே இடத்தில் தன் விரலால் திருத்தினார். வேலை தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மரக்கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்ற கேள்வி வந்தது. ஜமீனின் தலை ஒரு சின்னப் பூசணிக்காய் அளவு. அரைச் சாண் விட்டாலும் நுழையாது என்றார் ஆசாரி. அதுவரை அடுக்களையில் இருந்த அத்தை வெளியே வந்து, மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"இவ்வளவுதானுங்க இருக்கோணும். நாய் தலைய உட்டு மாட்டிக்கிச்சுன்னா?"

அந்த இடைவெளியில் ஜமீனின் மூக்கு நுழைந்தாலே அதிகம். ஆசாரி மூன்று விரலைக் குறித்துக்கொண்டார்.

அடுத்தது தாழ்ப்பாள். படிக்கட்டுப் பக்கம், மேல் சட்டத்துக்கு அடியில் மறைவாக, அழுத்திக்கொண்டே தூக்கினால்தான் திறக்க வேண்டும் என்றாள் சுகந்தி.

"நாய்க்குக் கையா இருக்குதுங்க அம்மிணி? சாதாக் கொண்டியே போதுமுங்களே."

"இது புத்தியான நாயிங்க."

ஆசாரி ஜமீனைப் பார்த்தார். மூக்கின் மேல் ஒரு ஈ. அதை ஓட்டக்கூட மனமில்லாமல் படுத்திருந்தான். ஆமாங்க, பாத்தாலே தெரியுது என்றார் ஆசாரி. பிறகு யாரும் கேட்காமலே, எல்லா முனையையும் உருட்டி இழைத்துவிடுகிறேன், நாய்க்குக் குத்திவிடக் கூடாதில்லையா என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பாலிஷ் நிறம் பார்க்கும் நாள். ஆசாரி கொடுத்துவிட்ட மரத்துண்டுகளை நான் ஒவ்வொன்றாகக் கைப்பிடியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், அவள் கட்டிலிலிருந்து தீர்ப்பு சொல்வாள். எனக்கு எல்லாத் துண்டும் ஒன்றுதான். அவளுக்கு ஒன்று சிவப்பாக ஓடுகிறது, ஒன்று பச்சையாகத் திரும்புகிறது. ஒன்றைச் சரி என்றாள். மாலையில் விளக்கைப் போட்டதும் மறுபடி பிடிக்கச் சொன்னாள். பகலில் கைப்பிடியோடு கலந்து போன அதே துண்டு, டியூப்லைட்டில் தனியாக எட்டி நின்றது. இதை என்னாலும் பார்க்க முடிந்தது.

பகலிலும் லைட்டிலும் ஒன்றாக இருப்பதுதான் சரியான நிறம், ஒரு வெளிச்சத்தை நம்பி முடிவு பண்ணக் கூடாது என்றாள். கடைசியில் யாரும் சீண்டாத ஒரு மங்கல் துண்டு இரண்டு வெளிச்சத்திலும் நின்றது. அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லேபில் ஷேடு பாஸ் ஆகும்போது வரும் முகம். இந்த மனுஷியைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, தலைக்கு மேல் ஏறிக்கொள்வாள்.

செப்டம்பர் 1, திங்கள்

ஆறாம் மாதம் முடிந்தது. அத்தை பாயசம் வைத்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். பால் மிச்சமாகிவிட்டதாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆசாரிக்குக் கோயில் வேலை வந்துவிட்டதால் கேட் தாமதம். இதற்கிடையில் சுகந்தி, மாடியில் படி தொடங்கும் இடத்திலும் ஒரு கேட் வேண்டும் என்கிறாள்.

கீழே கேட் இருந்தால் நாய் மேலே போகவே முடியாதே, மேலிருந்து எப்படி விழும் என்று கேட்டேன்.

"எப்படியாவது மேல போயிருச்சுன்னா?"

நியாயம்தான் என்றேன். ஆசாரிக்குப் போன் செய்தேன். அவரும் நியாயம்தான் என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கால் லேசாக வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டாம் என்று சொல்லும்போதுதான் பயம் வருகிறது.

ஜமீன் இப்போது படிப் பக்கமே போவதில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான். அவள் கையைத் தொங்கவிட்டால் மூக்கால் தொடுவான். சாப்பாடு குறைந்துவிட்டது.

அக்டோபர் 6, திங்கள்

ஜமீன் போய்விட்டான்.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. விடியற்காலையில் கட்டிலுக்கு அடியில் அப்படியே தூங்கியபடி இருந்தான். பின்பக்கம் கறிவேப்பிலைச் செடி அருகே குழி வெட்டினேன். மண்ணை மூடும் முன் அத்தை ஒரு கை பால்சோறு கொண்டுவந்து உள்ளே வைத்தார். சுகந்தி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டு கேட்டும் தயார், எப்போது கொண்டுவரட்டும் என்று ஆசாரி போன் செய்தார். சுகந்தியிடம் கேட்டேன்.

"வேண்டாங்க மாமா. இனிமே யாருக்கு?"

யாருக்கு என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், மூன்று விரல் காட்டிய அத்தைக்குத் தெரியும், முனையெல்லாம் உருட்டிய ஆசாரிக்குத் தெரியும். ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லிவிட்டால், பரணில் இருக்கும் தொட்டிலோடு இதுவும் சேர்ந்துவிடுமோ என்று பயம். வெளியே வந்துவிட்டேன். அப்புறம் சொல்கிறேன் என்று ஆசாரியிடம் சொன்னேன்.

அக்டோபர் 13, திங்கள்

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. இன்னும் ஏறினால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வேன், மனதை விடக் கூடாது என்றார் டாக்டரம்மா. எதிலும் கண் போகாமல் கிடக்கிறாள். படிக்கட்டுப் பக்கம் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நிறம் தெரிந்த கண் ஒரு வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் சொல்லும் நகைச்சுவை எதுவும் எடுபடவில்லை. எப்போதும்தான் எடுபட்டதில்லை, இருந்தாலும் சிரிப்பாள்.

அக்டோபர் 17, வெள்ளி

அத்தை திடீரென்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, இந்த நேரத்தில் மகளை விட்டுவிட்டு அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். நாளைக்கே வந்துருவேனுங்க மாப்பிள்ளை என்றதோடு சரி. எனக்குக் கோபம்தான். நானே சமைத்தேன். சுகந்தி இரண்டு வாய் சாப்பிட்டாள், அது என் சமையலுக்குக் கிடைத்த மரியாதை என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 18, சனி

மதியம் அத்தை வந்துவிட்டார். புடவை கசங்கி, கூட்டத்தில் செருப்பு அறுந்து, கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு. நேராகச் சுகந்தியின் கட்டிலுக்குப் போய்ப் பையை அவள் பக்கத்தில் வைத்தார். பை தானாக நகர்ந்தது. உள்ளேயிருந்து செம்பழுப்பாக ஒரு தலை வெளியே வந்தது.

"நாயில்லாத ஊட்டுக்குக் கேட் எதுக்குன்னு கேட்டியே கண்ணு. இந்தா, நாய்."

சுகந்தி நாய்க்குட்டியைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தாள். உனக்கு நாய் என்றால் ஆகாதே அம்மா என்றாள்.

"ஆகாதுதான். அதுக்கென்ன பண்றது, கேட்டு வேணுமில்ல? இது ஓடற நாயி. கேட்டு இல்லாம சமாளிக்க முடியாது." பிறகு என் பக்கம் திரும்பி, ஆசாரியை நாளைக்கே வரச் சொல்லச் சொன்னார். பையிலிருந்து இறங்கிய குட்டி அவர் காலடியிலேயே ஒன்றுக்குப் போனது. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சுகந்தி அப்போதுதான் அழுதாள். ஜமீனுக்கும், அதற்கு முன்னால் அழாமல் விட்டதற்கும் சேர்த்து அழுதாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டேன். அழுதேன் என்றும் எழுதலாம்.

குட்டிக்குத் தாசில்தார் என்று பெயர். ஜமீனுக்கு அடுத்து அவர்தானே வர வேண்டும் என்று சுகந்தி சொன்னாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

கேட் வந்துவிட்டது. ஊரெல்லாம் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்க, ஆசாரி எங்கள் வீட்டுக்கு வந்து கீல் அடித்தார். சுவரில் ஓர் ஆணி இல்லை, எல்லாம் படிக்கட்டுத் தூணிலேயே. மூடினால் கைப்பிடியின் கோடு தடையில்லாமல் ஓடிச் சுவரைத் தொடுகிறது. முனையெல்லாம் உருண்டு, தடவத் தடவக் கை வழுக்குகிறது. தாழ்ப்பாள் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெறும் கேட்டை இப்படி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சுகந்தி காலையில் பார்த்தாள். விளக்கு போட்டதும் மறுபடி பார்த்தாள்.

"ஊடு கட்டறப்பவே வெச்ச மாதிரி இருக்குதுங்க மாமா."

இன்று முழுவதும் படிக்கட்டுப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறாள்.

நவம்பர் 2, ஞாயிறு

ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வளைகாப்பு வீட்டோடு முடித்தோம். என் பெரியம்மா கேட்டின் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு, ஏதோ கேட் போடப் போவதாகச் சொன்னீர்களே, எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டார். சுகந்திக்கு வந்த பரிசுகளில் அதுதான் பெரிது.

நவம்பர் 14, வெள்ளி

பெண். கொஞ்சம் முந்திக்கொண்டாள். இருவரும் நலம். மூன்று பேராக வீட்டுக்குப் போகப் போகிறோம்.

நவம்பர் 16, ஞாயிறு

அத்தை என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். இத்தனை மாதமும் மனதுக்குள்ளேயே வாங்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. எதற்கும் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. துண்டு, விரிப்பு, குல்லாய், கொசுவலை, புதுத் தொட்டில். கடைக்காரர் எத்தனை குழந்தை என்று கேட்டார்.

ஜூலை 19, ஞாயிறு

அடுத்த வருடம் வந்து பாதியும் போய்விட்டது. புது டைரி யாரும் தரவில்லை. போன வருட டைரியில் ஆகஸ்டுக்கு முந்தின பக்கங்கள் காலியாக இருந்ததால் அதிலேயே எழுதுகிறேன். கிழமை ஒத்துவரவில்லை, அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா இன்று வந்திருந்தார். கூடத்தில் விட்டிருந்த மகள் ஆதிரை தவழ்ந்து தவழ்ந்து கேட்டுக்குப் போனாள். இரண்டு மரக்கால்களைப் பிடித்தாள். முகத்தை இடைவெளியில் வைத்து அழுத்திப் பார்த்தாள், மூக்கு மட்டும் போனது. தாழ்ப்பாளைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஒரு முனகல் முனகிவிட்டு, கால்களை ஊன்றி, பிடித்த பிடியை விடாமல் எழுந்து நின்றுவிட்டாள். முதல் முறையாக நிற்கிறாள். சுகந்தி என் கையை நசுக்கிவிட்டாள்.

குழந்தைக்கென்று எவ்வளவு யோசித்து, வீட்டோடு வீடாகச் செய்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மா ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"நாய்க்குப் பண்ணுனதுங்க அது," என்றார் அத்தை, அடுக்களையிலிருந்தே.

அந்தச் சமயம் பார்த்துத் தாசில்தார் மாடியிலிருந்து இறங்கி வந்தான். மேல் கேட்டைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். கீழ்க் கேட்டையும் ஒரே எட்டில் தாண்டிக் குதித்து, ஆதிரையின் கன்னத்தை நக்கிவிட்டுத் தன் தட்டைப் பார்க்க அடுக்களைக்குள் போனான். ஏப்ரலிலிருந்து இப்படித்தான். அந்த அம்மா நாயையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

நானும் சொன்னேன், ஆமாங்க, நாய்க்குத்தான் என்று.